100 யூனிட் இலவசம் யாருக்குப் போகிறது? கரண்ட் பில், காஸ் மானியம்: முழுமையான வழிகாட்டி

எங்கள் தெருவில் ஒரு லைன் வீடு இருக்கிறது. ஆறு குடித்தனம், ஒரே மீட்டர். அங்கே குடியிருக்கும் அக்கா ஒருவர் வீட்டு வேலைக்குப் போகிறவர். ஒரு நாள் தன் மகளின் பள்ளி நோட்டில் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினார். இரண்டு மாதத்துக்கு 150 யூனிட், யூனிட்டுக்கு 8 ரூபாய், ஆக 1,200 ரூபாய் வீட்டுக்காரருக்குக் கொடுத்த கணக்கு அதில் இருந்தது. "நூறு யூனிட் ஃப்ரீன்னு சொல்றாங்களே தம்பி, அது யாருக்குப் போகுது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஆறு வீடும் ஏறக்குறைய அதே அளவு என்றால் மீட்டரில் 900 யூனிட். 2024 ஜூலைக் கட்டணப்படி அந்த ஒரே மீட்டருக்கு வரும் பில் 5,820 ரூபாய். அதே ஆறு வீட்டுக்கும் தனித்தனி மீட்டர் இருந்திருந்தால் ஒரு வீட்டுக்கு 117 ரூபாய் 50 காசு, ஆறு வீட்டுக்கும் சேர்த்தே 705 ரூபாய். ஆறு குடும்பத்துக்கான இலவச யூனிட்டில் ஐந்து குடும்பத்துடையது எங்குமே போய்ச் சேரவில்லை. மேல் அடுக்குக் கட்டணம் வேறு சேர்ந்துகொண்டது.

தமிழ்நாட்டில் மின் சலுகை மீட்டரைப் பார்த்து வருகிறது, ஆளைப் பார்த்து வருவதில்லை. காஸ் மானியம் ஆதார் இணைந்த வங்கிக் கணக்கைப் பார்த்து வருகிறது. அதனால் மிகவும் தேவைப்படுகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் கிடைக்காமல் போகிறது: வாடகைக்கு இருப்பவர்கள், ஊர் மாறி வந்தவர்கள், பழைய வங்கிக் கணக்கை மறந்துபோனவர்கள். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த மீட்டரையும் அந்தக் கணக்கையும் சரி செய்வது பற்றித்தான்.

முதலில் வெள்ளை அட்டையை எடுங்கள்

ரீடிங் எடுக்க வருகிறவர் எழுதிவிட்டுப் போகும் ஈ.பி. அட்டை வீட்டில் எங்காவது செருகி இருக்கும். இல்லையென்றால் மின் இணைப்பு எண்ணை வைத்து மின்வாரிய இணையதளத்திலோ செயலியிலோ பழைய பில்களைப் பார்க்கலாம். போன் பழக்கம் இல்லாதவர்கள் பக்கத்தில் உள்ள மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். மூன்று விஷயம் பாருங்கள்.

இணைப்பு யார் பெயரில் இருக்கிறது? இறந்துபோன மாமனார் பெயரிலோ வீட்டை விற்றவர் பெயரிலோ இருந்தால் இப்போதைக்குப் பில் ஒழுங்காக வரும், ஆனால் நாளைக்கு ஒரு புகார், ஒரு மாற்றம் என்று போய் நிற்கும்போது அங்கேதான் இடிக்கும். பெயர் மாற்றத்துக்கு இன்றே மனு போடுங்கள்.

அடுத்தது டாரிஃப், அதாவது கட்டண வகை. வீட்டு இணைப்பு என்றால் 1-ஏ. கட்டுமானத்துக்கு எடுத்த தற்காலிக இணைப்பு மாற்றப்படாமல் கிடக்கலாம், அல்லது முன்பு அதே இடத்தில் கடை இருந்ததால் வணிகக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கலாம். இந்த இரண்டிலும் 100 யூனிட் இலவசம் கிடையாது. நீங்கள் அங்கே குடித்தனம் நடத்துகிறீர்கள் என்று எழுதிக் கொடுத்து வீட்டுக் கட்டணத்துக்கு மாற்றச் சொல்ல வேண்டும். இதையே திருப்பிச் சொன்னால், வீட்டு இணைப்பிலிருந்து கடைக்கு வயர் இழுக்காதீர்கள், சோதனைக்கு வந்தால் போடும் அபராதம் சேமித்ததை எல்லாம் விழுங்கிவிடும்.

மூன்றாவது, ரீடிங் எடுத்த தேதிகள். இது ஏன் முக்கியம் என்பதற்கு, பில் எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அடுக்குக் கணக்கு

2016 மே 23 அன்று, ஜெயலலிதா மீண்டும் முதல்வராகப் பதவியேற்ற நாளில், எல்லா வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று உத்தரவானது. வருமானச் சான்றிதழ் தேவையில்லை, விண்ணப்பமும் தேவையில்லை, பில்லிலேயே கழித்துவிடுவார்கள். "இதற்கு மனு எழுதித் தருகிறேன், 200 ரூபாய் கொடு" என்று யாராவது வந்தால் கொடுக்காதீர்கள்.

அதற்கு மேல், 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு, 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு, 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு. 2025 ஜூலையில் கட்டணம் ஏறியபோது வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டது. 2022இல் வீடுகளுக்கான நிலைக்கட்டணத்தையும் எடுத்துவிட்டார்கள். ஆக 200 யூனிட்டில் நிற்கிற வீட்டுக்கு இரண்டு மாத பில் 235 ரூபாய்தான்.

500ஐத் தாண்டியதும் கதை மாறுகிறது. அந்த 2 ரூபாய் 35 காசு அடுக்கே காணாமல் போய்விடும், 101ஆம் யூனிட்டிலிருந்தே 4 ரூபாய் 70 காசு. 501 முதல் 600 வரை 8 ரூபாய் 40 காசு, அதற்கு மேல் இன்னும் ஏறும். 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,805 ரூபாய், 510 யூனிட் ஓடிய வீட்டுக்கு 2,124 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 319 ரூபாய் வித்தியாசம். கோடையில் 480, 490 என்று ஓடுகிற வீடு என்றால் மாதத்துக்கு ஒரு முறை மீட்டரைப் பார்த்து, போன பில்லின் ரீடிங்கைக் கழித்துப் பாருங்கள். சாதாரண மீட்டரில் 'கே.டபிள்யூ.எச்.' என்று காட்டும் எண்தான் யூனிட்.

குறைக்க வேண்டும் என்றால் எங்கே கைவைப்பது? என் அனுபவத்தில் லைட்டை விட ஃபேன்தான். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 67 யூனிட்டுக்கு மேல். கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகையான பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30 வாட்தான், அதே ஓட்டத்துக்கு 27 யூனிட். விலை அதிகம், எல்லோராலும் உடனே வாங்க முடியாது என்பது தெரியும். ஆனால் பழைய ஃபேனுக்குக் காயில் கட்டக் கொடுக்கும் நிலை வந்தால், கட்டுகிற செலவையும் இதையும் ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரீடிங் தேதியை எழுதி வையுங்கள்

60 நாளைக்கு 480 யூனிட் என்றால் பில் 1,679 ரூபாய். ரீடிங் எடுப்பவர் ஐந்து நாள் தாமதமாக வந்தால் மீட்டர் 520 காட்டும், பில் 2,208 ரூபாய். நீங்கள் கூடுதலாக ஒன்றும் செய்யவில்லை, தேதி நகர்ந்ததுதான் காரணம். எனக்கே ஒரு கோடையில் இப்படி ஆனது. அட்டையில் தேதியைப் பார்த்தபோதுதான் புரிந்தது. அதற்குப் பிறகு 60ஆவது நாள் காலையில் மீட்டரைத் தேதி தெரியும்படி போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறேன். தாமதமானால் அந்தப் படத்தோடு பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுக்கலாம்.

வேலைக்குப் போய்விட்டதால் கதவு பூட்டியிருந்தால் முந்தைய பில்லை வைத்து ஒரு தொகை போட்டுவிடுவார்கள், அடுத்த முறை சரிக்கட்டுவார்கள். அப்போது நான்கு மாத யூனிட்டை ஒரே பில்லாகப் போட்டிருக்கிறார்களா என்று அவசியம் பாருங்கள். போட்டிருந்தால் இரண்டு காலமாகப் பிரித்துக் கணக்கிடச் சொல்லிக் கேளுங்கள், இல்லாவிட்டால் இலவச 100 ஒன்று போய்விடும், அடுக்கும் ஏறிவிடும். மீட்டரை வாசலில் எட்டும் இடத்தில் வைக்க முடிந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

வாடகை வீட்டில் தனி மீட்டர்

பணம் அதிகம் மிச்சமாவது இங்கேதான், சிரமமும் இங்கேதான். ஒவ்வொரு குடித்தனமும் தனியாக, வயரிங்கும் தனித்தனியாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி இணைப்பு கேட்கலாம். சுலபமான வழி, வீட்டுக்காரரே விண்ணப்பிப்பது. அவரிடம் போகும்போது உரிமை, சட்டம் என்று ஆரம்பிக்காமல் மேலே போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். 900 யூனிட்டுக்கு அவர் கட்டுகிற 5,820 ரூபாயும், யார் எவ்வளவு ஓட்டினார்கள் என்று மாதாமாதம் வரும் சண்டையும் அவருக்கும் தலைவலிதான். இணைப்பு அவர் பெயரிலேயே இருக்கட்டும், பில்லை மட்டும் அவரவர் கட்டுகிறோம் என்றால் பலர் ஒத்துக்கொள்வார்கள்.

அந்த அக்காவின் வீட்டில் முதலில் மறுத்தார் வீட்டுக்காரர். "நாளைக்கு வீட்டைக் காலி பண்ண மாட்டேன்னு நிப்பீங்க" என்பதுதான் அவர் பயம். ஈ.பி. கார்டு சொத்துரிமை தராது என்று மூன்று முறை சொன்ன பிறகு, வயரிங் செலவைக் குடித்தனக்காரர்கள் பாதி ஏற்பதாகப் பேசி முடித்தோம். இரண்டு வீட்டுக்கு இப்போது தனி மீட்டர் வந்துவிட்டது, அக்கா வீடும் அதில் ஒன்று.

வாடகைதாரரே தன் பெயரில் கேட்கலாமா? கேட்கலாம். தமிழ்நாடு மின் பகிர்மான விதிகளின்படி வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும். அவர் ஊரில் இல்லை அல்லது தர மறுக்கிறார் என்றால், நீங்கள் அங்கே முறையாகக் குடியிருப்பதற்கான ஆதாரத்தைக் காட்டி, படிவம் 6இல் உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்து விண்ணப்பிக்க வழி இருக்கிறது, வைப்புத்தொகை மட்டும் இரு மடங்கு கட்ட வேண்டி வரும். ஆதாரம் என்றால் வாடகை ஒப்பந்தம்தான் முதலில் நிற்கும், வாடகையை வங்கி வழியாகவோ போனிலோ அனுப்பிய பதிவுகளும் துணைக்கு இருக்கட்டும். வெளிப்படையாகச் சொல்கிறேன், வீட்டுக்காரரோடு மோதி இதைச் செய்துவிட்டு அதே வீட்டில் நிம்மதியாக இருப்பது கஷ்டம். வேறு வீடு பார்க்கும் நிலையில் இருப்பவர்கள் வீடு பார்க்கும்போதே "மீட்டர் தனியா?" என்று முதல் கேள்வியாகக் கேட்டுவிடுங்கள். 300 ரூபாய் வாடகை கூடுதலாக இருந்தாலும் தனி மீட்டர் வீடு பல நேரம் மலிவாக முடியும்.

விண்ணப்பத்தை இணையத்திலேயே போடலாம். கம்பி மேலே போகிற பகுதியில் இணைப்புக் கட்டணம் குறைவு, புதைவட கேபிள் பகுதியில் அதிகம். எவ்வளவு கட்ட வேண்டும் என்று வாரியம் அனுப்பும் தொகையை இணையத்தில் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், கையில் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பில் தகராறில் வீட்டுக்காரர் கரண்ட்டைப் பிடுங்கிவிட்டால்? 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. மின்சாரம், தண்ணீர் போன்ற அத்தியாவசியங்களை நிறுத்தினால் வாடகை அதிகார அமைப்பிடம் புகார் கொடுக்கலாம். அதற்கும் கையில் வேண்டியது பதிவு செய்த ஒப்பந்தம்.

குடிசை, கைத்தறி

250 சதுர அடிக்கு மிகாத, மண்சுவரும் கீற்று, ஓடு, ஆஸ்பெஸ்டாஸ், தகரம் போன்ற கூரையும் உள்ள வீட்டுக்குக் குடிசை இணைப்பு என்று தனி வகை இருக்கிறது. விளக்கெரிக்க இலவச மின்சாரம். இதில் இருப்பவர்கள் ஃப்ரிட்ஜ், மோட்டார் என்று சேர்த்தால் சாதாரண வீட்டு இணைப்பாக மாற்றி மீட்டர் வைக்க வேண்டும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மாற்றினாலும் அந்த 100 யூனிட் உண்டு. வீட்டில் தறி வைத்திருக்கும் கைத்தறி நெசவாளர்களுக்கு 2023 மார்ச் முதல் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம், விசைத்தறிக்கு 1,000 யூனிட். தறி இருந்தும் சாதாரண வீட்டுக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறவர்கள் உங்கள் நெசவாளர் சங்கத்தில் விசாரித்துப் பிரிவு அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

காஸ்: உஜ்வலா இணைப்பு

2016 மே 1 அன்று தொடங்கிய மத்திய அரசுத் திட்டம். ஏழைக் குடும்பத்தில் 18 வயது நிறைந்த பெண் பெயரில், வைப்புத்தொகை இல்லாமல் இணைப்பு. மற்றவர்கள் 14.2 கிலோ சிலிண்டருக்கு 2,200, ரெகுலேட்டருக்கு 250 ரூபாய் கட்டுகிறார்கள், அது உங்களுக்கு இல்லை. 2021 ஆகஸ்டில் வந்த இரண்டாம் கட்டத்திலிருந்து முதல் சிலிண்டரும் அடுப்பும் சேர்த்து இலவசம்.

விண்ணப்பம் தள்ளிப்போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: குடும்பத்தில் வேறு யார் பெயரிலாவது ஏற்கெனவே இணைப்பு இருப்பது. இண்டேன், பாரத், எச்.பி. என எந்தக் கம்பெனியாக இருந்தாலும் கணக்கில் வரும். தமிழ்நாட்டில் 2006க்குப் பிறகு அரசே இலவச காஸ் அடுப்பு கொடுத்ததால், மாமியார் பெயரில் ஓர் இணைப்பு பல வருடமாகத் தூங்கிக்கொண்டிருக்கும், வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது. தனிக்குடித்தனம் வந்துவிட்டீர்கள் என்றால் முதலில் தனி ரேஷன் கார்டு வாங்குங்கள், அப்புறம் விண்ணப்பியுங்கள். இந்த வரிசையை மாற்றினால் அலைச்சல்தான் மிஞ்சும்.

கொண்டுபோக வேண்டியவை: விண்ணப்பிக்கும் பெண்ணின் ஆதார், வீட்டில் உள்ள பெரியவர்களின் ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், போட்டோ. வேலைக்காக ஊர் மாறி வந்தவர்களிடம் இந்த ஊர் முகவரிச் சான்றும் ரேஷன் கார்டும் இருக்காது. அவர்களுக்கு சுய உறுதிமொழிக் கடிதம் போதும் என்று விதியே சொல்கிறது. கவுன்டரில் இருப்பவர் முடியாது என்றால் உஜ்வலா உதவி எண் 1800-266-6696ஐ அங்கேயே நின்று அழையுங்கள். எங்கள் பக்கத்து ஏஜென்சி ஒன்றில் செங்கல் சூளை வேலைக்கு வந்த பெண் ஒருவரை மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள், நான்காவது முறை இந்த எண்ணை அழைத்த பிறகுதான் விண்ணப்பத்தையே வாங்கினார்கள்.

மொத்தமாக ஒரு சிலிண்டருக்குப் பணம் புரட்ட முடியாதவர்கள் 5 கிலோ சிலிண்டரைத் தேர்ந்தெடுக்கலாம். இதைப் பல இடங்களில் கேட்டால்தான் சொல்வார்கள்.

மானியம் கணக்கில் வரவில்லையா?

உஜ்வலா பயனாளிக்கு 14.2 கிலோ சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம், 2025–26இல் வருடத்துக்கு 9 சிலிண்டர் வரை. அதாவது 2,700 ரூபாய். சிலிண்டர் வாங்கும்போது முழு விலையையும் கொடுக்க வேண்டும், மானியம் பிறகு வங்கிக்கு வரும். அந்த "பிறகு" என்பதில்தான் பாதிப் பேர் தொலைக்கிறார்கள்.

பணம் நீங்கள் ஏஜென்சியில் கொடுத்த கணக்குக்குத்தான் போகும் என்று நினைக்காதீர்கள். ஆதாரோடு கடைசியாக எந்த வங்கிக் கணக்கு இணைந்ததோ, அதற்குத்தான் போகும். அந்த லைன் வீட்டு அக்கா, ஒரு வருடமாக மானியம் வரவில்லை என்று ஏஜென்சியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பார்த்தால், மகளிர் குழுக் கடனுக்காக எப்போதோ தொடங்கிய ஜீரோ பேலன்ஸ் கணக்கில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து கிடந்தது. பாஸ்புக் டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் இருந்தது. வங்கியில் என்ட்ரி போட்டதும் வரிசையாக 300, 300 என்று அச்சானதைப் பார்த்து அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அதனால் முதல் வேலை, வங்கியில் ஆதாரைக் கொடுத்து, எந்தக் கணக்கு அரசுப் பணத்துக்கு இணைந்திருக்கிறது என்று கேட்பது. வேறு கணக்குக்கு மாற்ற வேண்டுமானால் அந்த வங்கியில் படிவம் கொடுக்க வேண்டும். ஒரு வங்கியில் ஆதாரை வெறுமனே அடையாளத்துக்குக் கொடுத்திருப்பது போதாது, மானியம் பெற இணைக்கச் சொல்லித் தனியாகக் கேளுங்கள். இரண்டாவது, ஏஜென்சியில் ஆதார் சரிபார்ப்பு முடிந்திருக்கிறதா என்று பார்ப்பது. கைரேகை அல்லது முகம் காட்டிச் செய்வது, காசு கிடையாது, சிலிண்டர் போட வருபவரே தன் போனில் செய்து தர முடியும். இரண்டும் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் 1800-233-3555இல் புகார் பதிவு செய்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ரசீதில் இருக்கும் விலையில் வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் செலவும் அடக்கம். மாடிப்படி ஏறித் தூக்கி வருகிற மனிதருக்கு விருப்பப்பட்டு ஏதாவது கொடுப்பது வேறு, 50 ரூபாய் கொடுத்தால்தான் இறக்குவேன் என்பது வேறு. காஸ் கசிவுக்கு மட்டும் எண் 1906, எந்நேரமும்.

சோலார் பற்றி ஒரு வரி

மத்திய அரசின் வீட்டுக்கூரை சோலார் திட்டத்தில் 2024 முதல் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் உண்டு. சொந்தக் கூரை வேண்டும், மிச்சப் பணத்தையும் போட வேண்டும். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டில் நிற்கிற வீட்டுக்கு இதற்காகக் கடன் வாங்குவது தேவையில்லை என்பது என் கருத்து.

கட்ட முடியவில்லை, அல்லது பில் தப்பு

ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் கட்ட வேண்டும். அதற்கு மேல் போனால் அபராதம், துண்டிப்பு, மறு இணைப்புக் கட்டணம் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஏறும். துண்டிப்பதற்கு முன் 15 நாள் அறிவிப்பு தர வேண்டும் என்று 2003 மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவு சொல்கிறது. பெரிய தொகை வந்துவிட்டால் ஒளிந்துகொள்ளாமல், கெடு முடிவதற்குள் உதவிப் பொறியாளரிடம் போய்த் தவணை கேட்டு எழுதிக் கொடுங்கள். அதே பிரிவின்படி இரண்டு வருடத்துக்கு முந்தைய பாக்கியைத் திடீரென்று கேட்க முடியாது, அது தொடர்ந்து பில்லில் காட்டப்பட்டு வந்திருந்தால் தவிர.

பில் தப்பென்று தோன்றினால் முதலில் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். அதில் தீரவில்லை என்றால் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் மனு. மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள், பிறகு ஏறும் ஒவ்வொரு படிக்கும் அந்த நகல்தான் சாட்சி. மீட்டர் மேலேயே சந்தேகம் என்றால் கட்டணம் கட்டிச் சோதிக்கச் சொல்லலாம். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் விளக்கு மினுக்குகிறதா என்று நீங்களே முதலில் பாருங்கள், மினுக்கினால் வயரிங்கில் கசிவோ வேறு யாருடைய இழுப்போ இருக்கலாம். அதற்கும் மேலே மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில் இருக்கும் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அங்கேயும் நியாயம் கிடைக்காவிட்டால் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர். வக்கீல் வேண்டியதில்லை. பில், அட்டையின் இரு பக்க நகல், மீட்டர் போட்டோ, முத்திரை வைத்த பழைய மனு, இந்த நான்கையும் ஒரே கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.